தக்காளி நாற்றுக்கு வெயிலைப் பழக்குதல்

தக்காளி விதையை முளைக்கச் செய்வது அரிய செயலன்று. பழைய பால்மாவு டின்னின் அடியில் நான்கு துளையிட்டு, மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பி விதைத்தால், நமது வெப்ப நாட்டில் ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டிவிடும். அடுப்படிச் சாளரத்தருகேயோ தாழ்வாரத்திலோ வைத்து வளர்த்தால், நான்கு ஐந்து வாரங்களில் நாற்று ஒரு சாண் உயரத்துக்கு வந்து நிற்கும். அதுவரை குறையொன்றும் இராது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள் என்பதால், எல்லா நாற்றுகளையும் ஒன்றாகத் தூக்கிச் சென்று, வீட்டின் பின்புறம் அமைத்த பிளாஸ்டிக் கூரைக் கொட்டகையில் நட்டுவிடுகிறோம். திங்கட்கிழமை மாலை இலைகள் துவண்டு கிடக்கின்றன. புதன்கிழமை அவற்றின் மேற்புறம் வெளுத்துக் காகிதம் போலக் காய்ந்துவிடுகிறது.

விதைக் கடைக்காரரைக் குறைகூறுவோர் உண்டு. கண்ணேறு பட்டுவிட்டது என்போரும் உண்டு. விதையிலும் குறையில்லை, அண்டை வீட்டார் கண்ணிலும் குறையில்லை. நிழலில் பிறந்து நிழலிலேயே வளர்ந்த நாற்றை ஒரே நாளில் முழு வெயிலில் நிறுத்தியதே காரணமாகும்.

இதனால் நேரும் இழப்பு விதையின் விலை மட்டுமன்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மார்ச்சு பிற்பகுதி முதல் மே வரையிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் தோறும் இடி மழை கொட்டுவதை நாம் அறிவோம். இடையில் சூன், சூலை மாதங்களும், ஆண்டுத் தொடக்கத்தில் சனவரி, பிப்ரவரியும் ஓரளவு வறண்டவை. தக்காளி பூத்துக் காய்ப்பதற்கு ஏற்ற காலம் இவையே. மே மாதத் தொடக்கத்தில் விதைத்துச் சூன் தொடக்கத்தில் நட்டவருக்குச் சூலையில் பூ வரும், ஆகஸ்டில் பழம் கிடைக்கும். நட்ட மூன்றாம் நாளே நாற்றுகள் மடிந்து, மறுபடி விதைக்க நேர்ந்தால் ஐந்து வாரங்கள் கழிந்துவிடும். சிலர் விதை வாங்கவும் மனம் தேறவும் இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்வர். அப்போது பழம் பழுக்கும் காலம் அக்டோபர் மழையில் போய் முடியும். ஒரு குடும்பம் நாற்பது பைகளில் தக்காளி வைப்பதாகக் கொள்வோம். பை, உரம், கூரைத்தாள், கம்பம் ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணம் அந்தப் பருவத்தில் திரும்பி வருமா வராதா என்பதை, நாற்றை இடம் மாற்றும் அந்தப் பத்து நாள்களே முடிவு செய்கின்றன.

இவ்விடத்தில் விதைப் பொட்டலங்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் கடைகளிலும் வாங்கும் வெளிநாட்டு விதைப் பொட்டலங்களில், வீட்டினுள் விதைத்து இளவேனிலில் பசுமைக்குடிலுக்கு மாற்றுக என்று அச்சிடப்பட்டிருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். அது குளிர் நாட்டாருக்குரிய அறிவுரை. பிரிட்டனில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெளியே உறைபனி விழும். ஆகவே சாளர மேடையில் விதைத்து, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ இரவுக் குளிர் பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத காலம் வந்த பின், நாற்றைக் கண்ணாடிக் குடிலுக்கு மாற்றுகின்றனர். அவர்களுடைய கூரை குளிரைத் தடுக்க எழுந்தது. நம்முடைய கூரை மழையைத் தடுக்க எழுந்தது. நமக்கு இளவேனிலும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆயினும் அந்த அறிவுரையில் ஒரு பகுதி நமக்கும் பொருந்தும். உள்ளே வளர்ந்த நாற்றை ஒரே மூச்சில் வெளியே விடாதே, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்கு என்பதே அது. அவர்கள் குளிருக்குப் பழக்குகின்றனர். நாம் வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

கண்ணாடிக் கூரையின்கீழ் முளைத்து நம்மிடம் வந்த பயிர் ஒன்று உண்டு. நாம் நாள்தோறும் வெட்டும் ரப்பர் மரமே அது. பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஹென்றி விக்காம் திரட்டி வந்த சுமார் 70,000 விதைகள் 1876 சூன் மாதம் இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடில்களில் விதைக்கப்பட்டன. நூற்றுக்கு நான்கு விதைகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள் அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்குக் கப்பலேறின. அவை வந்தது கண்ணாடி மூடிய மரப்பெட்டிகளில். நதானியல் வார்டு என்னும் இலண்டன் மருத்துவர் கண்டுபிடித்த அந்தப் பெட்டி, உள்ளே ஈரம் குறையாமலும் கடல் உப்புக் காற்று படாமலும் கன்றைக் காத்தது. 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த 22 கன்றுகளின் வழிவந்தவை எனக் கருதப்படுகின்றன. கண்ணாடியின்கீழ் பிறந்த கன்றும் முறையாக வெளியே கொணரப்பட்டால் நூறாண்டு கடந்தும் நிற்கும் என்பதற்குக் கோலகங்சாரில் இன்றும் நிற்கும் முதிய ரப்பர் மரமே சான்று.

தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. ஒட்டுக்கட்டிய ரப்பர்க் கன்றைப் பையோடு நடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும் நாளை எவ்வாறு முடிவு செய்கிறோம்? உச்சி இலையடுக்கு செம்பழுப்பு நிறத்துடன் துவண்டு தொங்கும்போது அதனை அசைப்பதில்லை. அந்த இலைகள் கரும்பச்சையாகி விறைத்து நின்ற பின்னரே லாரியில் ஏற்றுகிறோம். இளம் அடுக்கோடு ஏற்றினால் கன்று வாடும், உச்சி கருகும். தக்காளியில் இந்த நிற மாற்றம் அவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது, நாள் கணக்கால்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டினுள் நமக்கு நல்ல வெளிச்சமாகத் தோன்றுவது செடிக்கு வெளிச்சமன்று. நமது கண் இருளுக்கும் ஒளிக்கும் விரைவில் தன்னைத் திருத்திக்கொள்வதால் வேறுபாடு தெரிவதில்லை. நண்பகல் வெயிலின் ஒளி, சாளரத்தினின்று சற்றுத் தள்ளிய அறையினுள் உள்ள ஒளியைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்டது. குறைந்த ஒளியில் வளரும் நாற்று, கிடைப்பதை முழுவதும் பிடித்துக்கொள்ளும் பொருட்டு இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரிக்கிறது. ஒளியை நோக்கித் தண்டை நீட்டுகிறது. இலைமேல் படியும் மெழுகுப் பூச்சும் மெல்லியதாகவே இருக்கும். இத்தகைய இலை முழு வெயிலில் பட்டால் இரு தீங்குகள் ஒரே நேரத்தில் நேர்கின்றன. வேர் இழுத்துக் கொடுக்கும் நீரைவிட அதிக நீர் இலை வழியே ஆவியாகிவிடுகிறது. அத்துடன், அளவு மீறிய ஒளி இலையின் பச்சையத்தையே சிதைத்துவிடுகிறது. முன்னது மாலையில் தண்ணீர் விட்டால் மீளும். பின்னது மீளாது, வெளுத்த இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஆனால் வெயிலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால், இலை தடிக்கிறது, மெழுகு கனக்கிறது, தண்டு பருக்கிறது, வேர் பரவுகிறது. இவற்றுக்கு ஏழு நாள் முதல் பத்து நாள் வரை வேண்டும். அதற்குமேல் நீட்டினால் நாற்று குட்டையிலேயே முற்றிவிடும்; அதுவும் நன்றன்று.

பால் வெட்டுவோருக்கு ஒரு சங்கடம்

நாற்றுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இளங்காலை வெயில். முதல் இரண்டு நாள் இரண்டரை மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் சிறிது கூட்டி, பத்தாம் நாள் முழுப் பகல் என்று வேளாண்மை நூல்கள் கூறும். கூறுவது எளிது. இளங்காலை வெயில் அடிக்கும்போது பால் வெட்டுவோர் நிரையில் இருப்பர். அவர்கள் பால் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வேளையில் சூரியன் தலைக்கு நேரே வந்திருக்கும். இங்கு ஒரு செய்தி: தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 சனவரி முதல் நாள் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்மையான உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. வேலை முடிந்து வந்து நாற்றை வெளியே எடுத்து வைப்பவர், நாளின் மிகக் கொடிய வெயிலில்தான் அதனை வைக்கிறார்.

இதற்கு ஆளில்லாமலே வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. வீட்டின் கூரையையே காவலுக்கு வைக்கலாம். கிழக்கு நோக்கிய தாழ்வாரம் உடைய வீடு என்று கொள்வோம்; தாழ்வாரத்தின் ஆழம் ஐந்தடி. சுவரை ஒட்டி ஒரு முக்காலியோ பலகையோ இட்டு, நாற்றின் தலை கூரை விளிம்பிலிருந்து நான்கடி கீழே இருக்குமாறு தட்டை வைக்க வேண்டும். காலை ஏழு மணி கடந்து எழும் சூரியன் தாழ இருப்பதால் ஒளி நேரே உள்ளே வந்து நாற்றின்மேல் படும். சூரியன் ஏற ஏறக் கூரை விளிம்பு அதனை மறைக்கும். ஒன்பதே முக்கால் மணியளவில் நாற்று தானே நிழலுக்குள் வந்துவிடும். இரண்டு நாள் கழித்துத் தட்டைச் சுவரிலிருந்து ஓரடி வெளியே தள்ளி வைத்தால் பத்தேகால் வரை வெயில் கிடைக்கும். மேலும் இரண்டு நாளில் இன்னோர் அடி. பத்தே முக்கால் வரை. ஏழாம் நாள் மூன்றாம் அடி, ஒன்பதாம் நாள் நான்காம் அடி என்று தள்ளிக்கொண்டே போனால், பத்து நாளில் நாற்று நண்பகல் வெயிலின் வாயிலுக்கு வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மாலை வேளையில் தட்டை ஓரடி நகர்த்துவது மட்டுமே நமது வேலை. பள்ளிப் பிள்ளைகளிடம் இதனை ஒப்படைத்து, நிழல் எத்தனை மணிக்கு வருகிறது என்று சுவரில் குறிக்கச் சொன்னால் அவர்களுக்கு அறிவியல் பாடமும் ஆகும்.

கூரை உயரமும் தாழ்வார ஆழமும் வீட்டுக்கு வீடு மாறும். அதற்கேற்ப நேரமும் மாறும். முதல் ஓய்வு நாளில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, பத்து மணிக்கு முன் நிழல் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

மேற்கு நோக்கிய வீட்டினருக்கு இம்முறை உதவாது. பிற்பகல் வெயில் கடுமையானது. அவர்கள் செடிக் கடைகளில் கிடைக்கும் கறுப்பு நிழல்வலையை வாங்கி, நான்கு குச்சிகளின்மேல் இரண்டு மடிப்பாகக் கட்டி, அதன்கீழ் நாற்றை வைக்கலாம். நான்கு நாள் கழித்து ஒரு மடிப்பை நீக்க வேண்டும். எட்டாம் நாள் மறு மடிப்பையும் மாலை வேளையில் நீக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் வலை முறையே ஏற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் நிலம் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலமே நகரமாகி வருகிறது. மண் போனாலும் நடைபாதை ஓரத்துப் பை போகவில்லை.

அதே சுங்கை பூலோவில், 1930இல் திறக்கப்பட்ட பழைய தொழுநோய்க் குடியேற்றத்தை ஒட்டி, அங்கு வாழ்ந்தவர்கள் தொடங்கி வளர்த்த செடிப் பண்ணைகள் வரிசையாக உள்ளன. அங்கோ வேறிடத்திலோ நாற்றை விலைக்கு வாங்குவோர், அது வலைக்குக் கீழே நின்றதா வெயிலில் நின்றதா என்று கேட்டு வாங்குதல் நலம். வலைக்குக் கீழே நின்ற நாற்று பார்வைக்குக் கொழுத்திருக்கும். அதற்கும் பழக்கம் தேவை.

பழக்கும் நாள்களில் யூரியா முதலிய தழை உரம் கொடுக்கக் கூடாது. உரம் புதிய மென்மையான இலையைத் தூண்டும். நாம் வேண்டுவது முற்றிய இலை. தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம். மேல்மண் உலர்ந்த பின் விட்டால் போதும். ஆயினும் வாடவிட்டுத் துன்புறுத்துவது பழக்கமாகாது. பிற்பகல் மழைக்கு நாற்றைக் காட்டக் கூடாது. ஓர் இடிமழை மெல்லிய தண்டுகளைத் தரையோடு சாய்த்துவிடும்; தெறிக்கும் மண் இலைக்கு நோயைக் கொண்டுவரும்.

கொட்டகையைப் பற்றி

குளிர் நாட்டுப் பசுமைக்குடிலின் படத்தைப் பார்த்து, நாற்புறமும் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டுவோர் இருக்கின்றனர். அது அடுப்பு. வெளியே 33 டிகிரி இருக்கும்போது மூடிய கொட்டகையினுள் 40 டிகிரியைக் கடந்துவிடும். நன்கு பழக்கிய நாற்றும் அதில் பிழைப்பது அரிது. நமக்கு வேண்டியது மேலே மட்டும் கூரை. நாற்புறமும் திறந்திருக்க வேண்டும், அல்லது பூச்சி புகாத வலை இருக்கலாம். கூரை உயரமாகவும் சரிவாகவும் அமைந்தால் சூடான காற்று தங்காது. சாதாரணத் தாள் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கும்; வெயில் தாங்கும் தாள் என்று கேட்டு வாங்குவதே சிக்கனம்.

நடுவதற்கு மாலை வேளையோ மப்பு நாளோ ஏற்றது. நடுவதற்கு ஒரு மணி நேரம் முன் நாற்றுக்கு நன்கு தண்ணீர் விட வேண்டும். வேரைச் சுற்றிய மண் உடையாமல் எடுக்க வேண்டும். தக்காளியை, முதல் இலைவரை மண்ணுக்குள் இருக்குமாறு ஆழ நடலாம். புதைந்த தண்டிலிருந்து புதிய வேர் விடும். நெட்டையாய் நீண்டுவிட்ட நாற்றுக்கு இது பெரிய உதவி. முதல் மூன்று நாள் நண்பகலில் மட்டும் ஒரு மடிப்பு வலையோ தென்னங்கீற்றோ மேலே இட்டால் வேர் பிடிக்கும்வரை தாங்கும்.

நட்ட நாற்று பகலில் சிறிது துவள்வது இயல்பே. மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சில வாரம் நன்கு வளர்ந்த செடி, இலை பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் துவண்டு, இரவு கடந்தும் எழாவிட்டால், அது வெயிலின் வேலையன்று. தாழ்நிலத் தக்காளிக்கு முதற்பகையாகிய பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுகம் நீரில் படுமாறு அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து மரப்பால் போல வெண்மையான இழை கீழ்நோக்கி ஒழுகினால் நோய் உறுதி. அதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடும் மண்ணோடும் அப்புறப்படுத்தி எரிக்க வேண்டும். வெட்டிய கத்தியையும் கழுவ வேண்டும். கத்தரி, மிளகாய் ஆகியவையும் இந்நோய்க்கு இரையாவதால், அவை வளர்ந்த பாத்தியில் தக்காளியை நடக் கூடாது. பையில் நார்த்தூள் இட்டு, தரையினின்று உயர்த்தி வைப்பது இந்நோயைத் தவிர்ப்பதற்கே.

தரையில்தான் நட வேண்டும் என்போருக்கு ஒட்டுமுறை உண்டு. தைவானில் 1971இல் நிறுவப்பட்ட அனைத்துலகக் காய்கறி ஆராய்ச்சி நிலையம், வாடல் நோயையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் கத்தரி வகைகளின் வேர்மீது தக்காளியை ஒட்டும் முறையை வெப்ப நாட்டு விவசாயிகளுக்குப் பரிந்துரைத்துள்ளது. எல்லாக் கத்தரியும் இதற்கு ஆகாது. நோய் தாங்கும் வகையாக இருத்தல் வேண்டும். ஒட்டுக்கட்டும் கத்தி பிடித்துப் பழகிய கைகளுக்கு இது கடினமாகத் தோன்றாது. ஒட்டிய நாற்றை ஒரு வாரம் ஈரமும் நிழலும் உள்ள மூடிய இடத்தில் வைத்து, பிறகு மேலே கூறியவாறே வெயிலுக்குப் பழக்க வேண்டும். இதற்கு மட்டும் ஆழ நடும் விதி பொருந்தாது. ரப்பர்க் கன்றை ஒட்டு மூழ்கப் புதைக்காதது போலவே, இதன் ஒட்டும் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைத்தால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு நோயுள்ள மண்ணைத் தொட்டுவிடும்.

எந்த வகையைத் தேர்வது என்பதும் முக்கியமே. நாட்டின் தக்காளியில் பெரும்பகுதி 1,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கேமரன் மலையில் விளைவதற்குக் காரணம் அங்குள்ள குளிர்ந்த இரவுதான். இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேற்பட்டால் பெரிய பழ வகைகள் பலவும் பூவை உதிர்த்துவிடும். நம் பகுதியின் இரவோ 24 டிகிரி அளவில் உள்ளது. ஆகவே தாழ்நிலத்துக்கென வெளியிடப்பட்ட வகைகளையே நாட வேண்டும். 1969இல் தொடங்கப்பெற்றுச் செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மார்டி நிறுவனம் அவ்வாறு வெளியிட்ட எம்டி 1 வகை குறிப்பிடத்தக்கது. சிறிய செர்ரித் தக்காளியும் வெப்பத்தில் ஓரளவு நன்கு காய்க்கும். விதை பற்றிய விவரங்களுக்கு மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகலாம்.

கூரையின்கீழ் காற்று குறைவாதலால் பூந்தூள் தானே உதிர்வதும் குறையும். முதல் பூங்கொத்து விரிந்ததும், காலை பத்து மணியளவில் கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். அந்த வேளையில் பால் வெட்டுவோர் வீட்டில் இரார். வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ சொல்லிவிட்டுப் போனால் போதும், ஒரு கொத்துக்கு இரண்டு நொடிகூட ஆகாது.